பொஸ்ரன் வழியாக ரொறன்ரோவுக்கு நாலு பேர்

என் கணவர் ஒரு காரியத்துக்குத் திட்டம் போடத் தொடங்கினால் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு விசர் பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு முழுக்க அவரைப் புகழ்வதாகத்தான் இருக்கிறேன்.

அப்போது நாங்கள் ஷார்ஜாவில், ரோலாக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தோம். நானும் அவரும், பதின்மூன்று வயது மகனும், ஏழு வயது மகளும். துபாய் முழுக்கக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த காலம். அவருக்கு ஒரு ரெடிமிக்ஸ் கொம்பனியில் வேலை. கலந்த கொங்கிறீற் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் சைற்றுக்குப் போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் லொறிக்குள்ளேயே இறுகிவிடும். எந்த லொறி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எந்த ரோட்டால் போக வேண்டும் என்று தீர்மானிக்கிற ஆள் இவர். எந்தப் பள்ளிக்கூடம் எப்போது விடும், எந்த ரவுண்டபவுட்டில் வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து சனம் நிரம்பும், எல்லாம் மனுசனுக்கு மனப்பாடம். பட்டாண் டிரைவர்மார் அவர் பேச்சுக்கு மறுபேச்சுப் பேச மாட்டார்கள்.

இப்படிப்பட்ட ஒருவரிடம் நான் ஒரு நாள் வாய் தவறி, அக்காவைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

அக்கா ரொறன்ரோவில். தம்பி பொஸ்ரனில். இரண்டு பேரையும் கண்டு பதினாறு வருடம். ஊரில் பிரச்சினை முற்றி, நானும் அக்காவும் கொழும்பில் ஒரு லொட்ஜில் வந்து கிடந்த நேரம், வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்ற் ஒரு ஆளுக்குத்தான் இடம் என்றான். அக்கா மூத்தவள், அவள் போனாள். "நீ பின்னால வா" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். நான் அந்த அறையில் ஒன்பது மாதம் தனியே இருந்தேன். ஏஜென்ற் பிறகு வரவே இல்லை. தம்பி படிப்பு வழியில் அமெரிக்காவுக்குப் போனான், நான் கலியாணம் கட்டி ஷார்ஜாவுக்கு வந்தேன். ஒருவர் பின் ஒருவராகப் போன குடும்பம் ஒருவர் பின் ஒருவராகவே நின்றுவிட்டது.

நான் சொன்ன மறுநாளே அவர் ஆபீசிலிருந்து வட அமெரிக்காவின் வரைபடத்தைத் துண்டு துண்டாகப் பிரின்ற் எடுத்து வந்து, அலுமாரிக் கதவில் ஒட்டினார். நியூயோர்க்கில் இறங்குவது, வாடகைக்குக் கார் எடுப்பது, பொஸ்ரனில் தம்பியோடு மூன்று நாள், பிறகு மலைப்பக்கமாக ஏறி மொன்றியல், அங்கிருந்து பெரிய ஆற்றின் கரையோடு ரொறன்ரோ. அக்கா வீட்டில் ஆறு நாள். நயாகரா பார்த்துவிட்டு மறுபடி நியூயோர்க்.

"நேர ரொறன்ரோவுக்குப் பறந்தா என்ன?" என்று கேட்டேன்.

"அப்ப தம்பியை ஆர் பாக்கிறது? பிள்ளையளும் ஒரு ஆறு காணட்டுமன். மணலைத் தவிர என்ன கண்டதுகள்?"

அது உண்மைதான். மகள் அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில், ஆற்றை ராத்திரியில் யார் நிறுத்துவார்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். பாவம், அவளுக்குத் தெரிந்த ஓடுகிற தண்ணீர் எல்லாம் பூங்காவின் நீரூற்றுத்தான்.

எல்லாம் சரி, விசா? ஷார்ஜாவில் இருந்த நம்மவர்கள் ஒவ்வொருவரும் விசா விஷயத்தில் ஒரு நீதவான். மீன் கடையில் கண்டாலும் தீர்ப்புச் சொல்வார்கள். எல்லாருடைய தீர்ப்பும் ஒன்றுதான். "குடும்பமாக் கேக்காதேங்கோ. அக்கா அங்க, தம்பி அங்க, நீங்களும் முழுக் குடும்பமாப் போய் இறங்கினா திரும்பி வருவியள் எண்டு ஆர் நம்புறது? ஒராளை இஞ்ச விட்டிட்டுக் கேளுங்கோ, சுகமாத் தருவாங்கள்." கீழ் மாடியில் இருந்த குடும்பம் அப்படித்தான் மூத்த மகளை எங்கள் வீட்டில் விட்டுவிட்டு லண்டனுக்குப் போய் வந்தது. அந்தப் பிள்ளை மூன்று கிழமையும் எங்கள் வீட்டு ரீவிக்கு முன்னால் பேசாமல் இருந்ததை நான் பார்த்தேன்.

"எனக்கு உந்தக் கதை சொல்ல வராதேங்கோ" என்று என் கணவரிடம் சொன்னேன். "நாலு பேருந்தான்."

"பாப்பம்" என்றார் அவர். அவருடைய 'பாப்பம்' ஆமாவுமில்லை, இல்லையுமில்லை. அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அடுத்த தலையிடி லைசன்ஸ். "நீர் லைசன்ஸ் எடும். தூர ஓட்டம், ரெண்டு டிரைவர் வேணும்" என்றார். எனக்கு முப்பத்தெட்டு வயது. சைக்கிள்கூட ஒழுங்காக ஓடாதவள். ஒரு கார்கோ ஆபீசில் பில் அடிக்கிற வேலை முடிந்து நாலரைக்கு வெளியே வந்தால், பெஷாவர்க்காரி ஒருத்தி பயிற்சிக் காரோடு நிற்பாள். ஏறி இருந்ததுமே "யல்லா, ஜல்தி" என்று அவசரப்படுத்தத் தொடங்கி, நான் கொஞ்சம் வேகம் எடுத்ததும் "அரே, ஆராம் சே!" என்று மெதுவாகப் போகச் சொல்லிக் கத்துவாள். ஜல்தியா, ஆராமா என்று முடிவு செய்து சொல்லடி என்று மனதுக்குள் தமிழில் திட்டுவேன். ரோட்டில் சமாளித்தேன். இரண்டு காருக்கு நடுவே பின்பக்கமாக எடுத்து நிறுத்துவதில்தான் மூன்று தடவை கோட்டை விட்டேன். மூன்றாம் தடவை வீட்டுக்கு வந்து கைப்பையைத் தூக்கி எறிந்தேன். அவர் அதை எடுத்து ஆணியில் மாட்டிவிட்டு, "அடுத்த டெஸ்ற்றுக்கு நாள் எடுத்திட்டன்" என்றார். நாலாம் தடவை பொலீஸ்காரர் பாஸ் என்று பச்சைத் தாளை நீட்டினார். காருக்குள்ளேயே அழுதேன்.

இதற்கிடையில் பயணத் திட்டத்தை நாள் நாளாக எழுதி வைக்க அவர் திறந்த கோப்பு வளர்ந்தது. வேலை முடிந்து வந்து, குளித்து, தேத்தண்ணியோடு உட்கார்ந்தால் கோப்புத்தான். அந்தக் கோப்பைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்கு ஆறாது. மேற்கே போகிற நாளெல்லாம் விடியவே கிளம்பி மத்தியானத்துக்குள் ஓட்டத்தை முடித்திருந்தார், பின்னேர வெயில் ஓட்டுகிறவரின் கண்ணில் அடிக்கும் என்று. எல்லையில் எந்தக் கிழமை கூட்டம் குறைவு, மகளுக்குப் பாத்ரூம் நிறுத்த எங்கெங்கே இடம், எந்த ஊரில் அரிசிச் சோறு கிடைக்கும், மகனுக்கு எந்த மலையில் கேபிள் கார், எல்லாம் அதில் இருந்தது. அமெரிக்காவைக் கண்ணால் காணாத மனுசன், ஷார்ஜாவில் குளிரூட்டி இரைகிற ஒரு அறைக்குள் இருந்துகொண்டு அந்த ரோட்டையெல்லாம் ஒருக்கால் ஓடிப் பார்த்துவிட்டார். கெட்டிக்காரன் என்றால் அப்படி ஒரு கெட்டிக்காரன்.

விசாப் படிவம் நிரப்ப வேண்டிய கிழமை. வெள்ளிக்கிழமை மத்தியானம், பிள்ளைகள் கீழே விளையாடப் போயிருந்தார்கள். அவர் அடுத்த நாள் டியூட்டிக்குச் சேர்ட்டை அயன் பண்ணிக்கொண்டிருந்தார். தேதிகளைப் பார்த்து எழுத நான் கோப்பை மடியில் வைத்துப் புரட்டினேன். ஒவ்வொரு நாளின் தாளிலும் அடியில் 'கார் நிறுத்துமிடம்' என்று ஒரு பகுதி. இந்த ஹோட்டலில் முன்பக்கமாகவே நுழைத்து நிறுத்தலாம். அந்தக் கடைக்குப் பின்னால் பரந்த வெளி, பின்னுக்கு எடுக்கத் தேவையில்லை. பதினெட்டு நாளும் அப்படி.

ரோலாவில் இரண்டு பிக்கப்புக்கு நடுவே ஒரே வெட்டில் காரைச் செருகுகிறவர் அவர். அவருக்கு ஏன் வெளி தேடிப் பார்க்கிங்?

இன்னும் புரட்டினேன். ஒரு நாளைக்கு நாலு மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டம் இல்லை. நியூயோர்க் நகரத்துக்குள் போகவே இல்லை, விமானம் இறங்கிய இடத்திலேயே தங்கி, ஞாயிற்றுக்கிழமை விடியப்புறம் ரோடு காலியாக இருக்கும்போது கிளம்புவது. கடைசியில் 'டயர் வெடித்தால்' என்று ஒரு தாள். ஒன்றையும் தொட வேண்டாம், காரை ஓரங்கட்டி, பிள்ளைகளை வேலிக்கு அந்தப் பக்கம் நிறுத்தி, இந்த நம்பருக்கு அடிக்கவும். பத்து நிமிஷத்தில் டயர் மாற்றுகிற மனுசன் எழுதிய தாள் அது.

கோப்பை மூடினேன்.

"இஞ்சாருங்கோ" என்றேன். "இந்தக் காருக்குள்ள நீங்கள் எங்க இருக்கிறியள்?"

அவர் அயன் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "நான் நிண்டா உங்கள் மூண்டு பேருக்கும் தருவாங்களப்பா. நான் இஞ்ச வேலையோட இருக்கிறன், நீங்கள் திரும்பி வருவியள் எண்டு நம்புவாங்கள். கேட்டுப் பாத்திட்டன், எல்லாரும் அதைத்தான் சொல்லினம்."

"எப்ப முடிவு பண்ணினது?"

"முதலே."

முதலே! அப்படியென்றால் அந்த லைசன்ஸ், நான் அழுதுகொண்டு போன நாலு டெஸ்ற், எல்லாம் இதற்குத்தான். எனக்கு வந்த கோபத்தில் கோப்பைச் சுவரில் அடித்திருப்பேன். ஆனால் அதற்குள் எட்டு மாதத்து வேலை இருந்ததால் கட்டிலில்தான் எறிந்தேன்.

"விசரே உங்களுக்கு? விட்டிட்டுப் போறதெண்டா என்னெண்டு தெரியுமே? அந்த லொட்ஜில ஒன்பது மாசம் நான் இருந்தன். ஒருத்தரை விட்டிட்டு மற்றவை போய்ச் சந்தோசமா ஆத்தைப் பாக்கிறதோ? என்ர பிள்ளையளுக்கு நான் அதைப் பழக்க மாட்டன். நாலு பேர். இல்லாட்டி ஒருத்தரும் இல்லை."

"அப்ப அக்காவைக் காணேலாமப் போனா?"

"போகட்டும்" என்றேன். பொய் சொல்லவில்லை, ஆனால் அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று அவருக்குத் தெரிந்தது. வந்து பக்கத்தில் இருந்தார். பிறகு நாலாவது படிவத்தை எடுத்து, தன் பெயரைத் தானே எழுதினார்.

அதற்குப் பிறகு லீவுக்கு அலைந்தார். மனேஜர் முதலில் "மாஃபி", லீவு இல்லை என்றார், ஒரு கிழமை கழித்துச் சரி என்றார். கோப்பையும் புதிதாக எழுதினார். டயர்த் தாளைக் கிழித்துப் போட்டது நான்.

அமெரிக்க விசா நேர்காணலுக்கு நாலு பேரும் போனோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு வயதான அதிகாரி. அக்காவைப் பற்றிக் கேட்டார், தம்பியைப் பற்றிக் கேட்டார். எத்தனை வருடம் காணவில்லை என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் மாறவில்லை. இதோ முடிந்தது என்று நினைத்தேன். "இது என்ன?" என்று கோப்பைக் காட்டினார். கண்ணாடிக்குக் கீழே இருந்த இடைவெளியால் உள்ளே தள்ளினோம். தாள் தாளாகப் பார்த்தார். வெயில் பற்றிய குறிப்பில் நின்று, "யார் எழுதியது?" என்றார். என் கணவர் கையைத் தூக்கினார், வகுப்பில் பிள்ளை தூக்குகிற மாதிரி.

கடைசித் தாளில்தான் அதிகாரி அதிக நேரம் நின்றார். நாங்கள் திரும்பி வந்து இறங்குகிற நாளின் தாள் அது. வழியில் பால், பாண். பின்னேரம் ரோலாவில் மகனுக்குப் பள்ளிச் சப்பாத்து. அடுத்த நாள் காலை ஐந்து மணிக்கு இவருக்கு டியூட்டி, முதல் மூன்று லொறியும் எந்த சைற்றுக்கு என்பதுவரை எழுதியிருந்தார். நாங்கள் திரும்பி வருவோம் என்று ஆயிரம் கடதாசியை அடுக்கிக் காட்டியிருந்தாலும் இதைவிட நன்றாகக் காட்டியிருக்க முடியாது. அதிகாரி முதல் தடவையாகச் சிரித்தார். நாலு பேருக்கும் தந்தார்.

கனடா விசாவும் மூன்று கிழமையில் வந்தது. அன்றைக்கு மாலை ஒரு போன் கார்ட்டைச் சுரண்டி அக்காவுக்கு அடித்தேன்.

"நாலு பேரும் வாறம், அக்கா."

"அவர் வரேல்லை, மூண்டு பேர் எண்டல்லோ எனக்குச் சொன்னவர்?" என்றாள். எனக்கு முன்னமே அவளுக்குத் தெரிந்திருக்கிறது! அவரை முறைத்தேன், அவர் அலுமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் நடந்ததைச் சொன்னேன், நாலு பேர் இல்லாட்டி ஒருத்தரும் இல்லை என்று நான் நின்றது உட்பட.

அக்கா அழத் தொடங்கினாள். பதினாறு வருடத்தில் போனில் அவள் அழுது நான் கேட்டதில்லை.

"அண்டைக்கு அந்த லொட்ஜில," என்றாள், "எனக்கு உப்பிடிச் சொல்ல வாய் வரேல்லையடி."

கார்ட் முடிகிற வரைக்கும் இரண்டு பேரும் அழுதோம்.