வெள்ளத்தாய் அக்கா வாங்கிய நகல்

ஸ்டேஷன் படியேறி வந்து, "சார், எஃப்.ஐ.ஆர். நகல் ஒண்ணு வேணும்" என்று கேட்கிறவர்களை என்னோடு வேலை பார்த்தவர்கள் பலர் எரிந்து விழுந்துதான் அனுப்புவார்கள். நான் அப்படிச் செய்ததில்லை. பொறுமைசாலி என்று எனக்குப் பெயர் கிடையாது. என் வீட்டுக்காரியைக் கேட்டால் வேறு கதை சொல்லுவாள். ஆனால் நகல் கேட்டு வருகிறவர்களிடம் மட்டும் என் வாய் அடங்கிவிடும். காரணம் என் அக்கா வெள்ளத்தாய்.

நாங்கள் கூமாப்பட்டிக்காரர்கள். மலையடிவாரத்தில் அப்பாவுக்குக் கொஞ்சம் வயல் இருந்தது. அக்காவை ராஜபாளையத்தில் கட்டிக் கொடுத்தோம். அத்தான் கருத்தப்பாண்டி ஆலங்குளம் சிமெண்ட் ஆலைக்கு லாரி ஓட்டினார். வாரத்தில் பாதி நாள் வீடு தங்க மாட்டார். அக்காவுக்கு ஒரு நூற்பாலையில் வைண்டிங் பிரிவில் வேலை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கையெழுத்துப் போடச் சொன்னால் கோலம் போடுகிற மாதிரி இழுத்து இழுத்துப் போடுவாள். நான் பன்னிரண்டாவது முடித்துவிட்டு, போலீஸ் செலக்‌ஷனுக்காகக் காலையில் கண்மாய்க் கரையில் ஓடிக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்துப் பையன்கள் ஓடினால் அது பட்டாளத்துக்கு, இல்லையென்றால் போலீசுக்கு.

எண்பத்தைந்தில் மில்லில் வேலைநிறுத்தம். தொழிலாளர்கள் ரோட்டில் உட்கார்ந்து பஸ்ஸை மறித்தார்கள். அந்தக் காலத்து மறியல் கைது என்பது பாதி திருவிழா. வேனில் ஏற்றிக்கொண்டு போய் ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார வைப்பார்கள். மத்தியானம் புளிசாதம். சாயங்காலம் சொந்த ஜாமீனில் விட்டுவிடுவார்கள். எத்தனை பேர் கைது என்பதில்தான் சங்கத்தின் மானமே இருந்தது. அதனால் வராதவர்களின் பெயரையும் வந்தவர்கள் சேர்த்துக் கொடுப்பது வழக்கம், விசேஷத்துக்கு வர முடியாதவர் பேரில் பக்கத்து வீட்டுக்காரர் மொய் எழுதிவிட்டு வருகிற மாதிரி. எழுதுகிற போலீஸ்காரருக்கும் தலையை எண்ண ஏது நேரம்?

சங்கத் தலைவர் சுப்புராஜ் அக்காவைப் பார்த்து, "என்னம்மா, ஒங்க வீட்ல இருந்து ஆம்பள ஒருத்தரும் வரலியா?" என்று கேட்டிருக்கிறார். எல்லோர் முன்னாலும் கேட்டதில் அவளுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. "ஏன், என் தம்பி சிவனாண்டி இருக்கானே, அவன் பேரையும் எழுதச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டாள். சாயங்காலம் விடும்போது எல்லோரும் ஜாமீன் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். தன் பெயருக்கு நேரே கோலத்தைப் போட்டாள். என் பெயரையும் இழுத்து எழுத நேரமில்லாமல், அதற்கு நேரே தன் இடது பெருவிரலை உருட்டிவிட்டாள். நான் அந்த நேரம் கூமாப்பட்டி வயலில் களை பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

அடுத்த முறை நான் போனபோது, "ஏலே, நீயும் அரெஸ்ட் ஆயிட்டல்லா" என்று சிரித்தாள். எனக்கும் பெருமைதான். கூட்டாளிகளிடம் போய்ச் சொல்லி டீ வாங்கிக் குடித்தேன். போராட்டம் முடிந்ததும் அரசாங்கம் கேசை வாபஸ் வாங்கிவிட்டது. நாங்கள் மறந்தே போனோம்.

எண்பத்தேழில் எனக்குப் போலீஸ் வேலை கிடைத்தது. கிடைத்தது என்றா சொன்னேன்? கைக்கு எட்டி நின்றது. விண்ணப்பத்தில், எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதியிருந்தேன். விசாரித்துப் பார்த்தபோது ஸ்டேஷன் பதிவில் என் பெயர் இருந்தது. கைதானதை மறைத்துவிட்டேன் என்று சொல்லி நியமனத்தை நிறுத்தி வைத்தார்கள். ஒரு மாதத்துக்குள் தக்க ஆதாரத்தோடு விளக்கம் கொடுக்காவிட்டால் பெயரை நீக்கிவிடுவோம் என்று கடிதம் வந்தது. எனக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. வயது வரம்பு முடிகிற நேரம்.

நான் ராஜபாளையம் ஸ்டேஷனுக்குப் போனேன். பழைய ரெக்கார்டெல்லாம் கோர்ட்டுக்குப் போயாச்சு என்றார்கள். "அப்ப எதைப் பாத்து என்னையக் கைதுன்னு எழுதினீங்க?" என்று சத்தம் போட்டேன். "இந்தக் கோவத்தை வச்சிக்கிட்டு நீ போலீசுக்கு வரணுமாக்கும்" என்று ஒருவர் கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான், ஆனால் அன்றைக்கு அது எனக்கு எங்கே உறைத்தது. அக்கா வீட்டுக்கு வந்து தட்டை விட்டெறிந்தேன்.

அக்கா தட்டை எடுத்துக் கழுவி வைத்தாள். "நீ போவாதே. நீ போனா இருக்கதும் கெட்டுப்போவும். நான் போறேன். நானும் அந்தக் கேசுல ஒருத்திதான? எனக்குத் தரமாட்டேன்னு சொல்ல முடியாதுல்லா" என்றாள். எங்கள் யாருக்கும் தோன்றாத விஷயம் அது. கைதானவளுக்குத் தன் கேசின் நகலைக் கேட்க உரிமை உண்டு.

ராத்திரி ஷிஃப்டுக்கு மாற்றி வாங்கிக்கொண்டு, காலையில் மில்லில் இருந்து தலையில் பஞ்சோடு நேரே ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறுவாள். கோர்ட்டு வாசலில் எழுதிக் கொடுக்கிறவரிடம் நகல் மனு எழுதி, ஸ்டாம்பு ஒட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். கேஸ் நம்பர் இல்லாமல் தேட முடியாது என்றார்கள். அது சட்டப்படி சரி. நம்பர் கேட்டு ராஜபாளையம் வந்தால், கோர்ட்டிலேயே கேளுங்கள் என்றார்கள். இப்படி அங்கேயும் இங்கேயுமாக அலைந்தாள். அலைச்சலில் ஒரு நாள் கோர்ட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாளாம். அப்போதுதான் வைகுண்டராஜ் ஏட்டையா அவளை எழுப்பியிருக்கிறார்.

ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் கோர்ட்டு வேலைக்கென்று ஒரு போலீஸ்காரர் உண்டு. கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு நடப்பது, சாட்சியை ஆஜர்படுத்துவது, எந்தக் கேசுக்கு எந்த நம்பர் என்று குறித்து வைப்பது எல்லாம் அவர் வேலை. ராஜபாளையம் ஸ்டேஷனுக்கு வைகுண்டராஜ் ஏட்டையா. விவரம் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "நம்பர் நான் எடுத்துத் தாரேன் தாயீ. ஆனா நகல் வந்தா ஒனக்கு என்ன ஆவப்போவுது? அதுல ஒன் தம்பி பேரு இருக்கத்தான செய்யும். அவன் கைதானது உண்மைன்னு நீயே எழுதி வாங்கிக் குடுத்த மாதிரில்லா ஆயிரும்."

"பேரு அவனுதுதான் அண்ணே. விரலு என்னுது" என்றாள் அக்கா.

ஏட்டையா கையிலிருந்த கேஸ் கட்டைக் கீழே வைத்தாராம். பிறகு, "இதைச் சொன்னா ஒம்மேல கேசு வரும். தெரியும்லா?" என்று கேட்டிருக்கிறார். தெரியும் என்றிருக்கிறாள். அன்றைக்கே நம்பர் வந்தது. நகலும் வந்தது. டைப் அடித்த தாளில், வெள்ளத்தாய் என்ற பெயருக்கு நேரே கையொப்பம் என்று இருந்தது. அடுத்த வரியில் சிவனாண்டி, அதற்கு நேரே இடது பெருவிரல் ரேகை. பன்னிரண்டாவது படித்தவன் கைநாட்டு வைப்பானா என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். அது யாருடைய விரல் என்று சொல்லத்தான் ஆள் வேண்டும். ஏட்டையாவுக்கு நான் எந்த உறவும் இல்லை. பின்னாளில் ஒரு டப்பா பால்கோவாவோடு போய் அவர் காலைத் தொட்டேன். "அலைஞ்சது ஒங்க அக்கா. அவளுக்குக் கொண்டுபோய்க் குடு, போலே" என்று விரட்டினார். என் ஆயுசுக்கும் நன்றி சொல்ல வேண்டிய மனுஷர்.

விருதுநகரில் பெரிய போலீஸ் ஆபீசுக்கு நானும் அக்காவும் போனோம். அதிகாரி நகலைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

"இன்னொருத்தர் பேருக்குக் கைநாட்டு வச்சது குற்றம்னு தெரியுமா?"

"வைக்கும்போது தெரியாதுய்யா. இப்பத் தெரிஞ்சுதான் சொல்லுதேன். அவன் அந்தப் பக்கமே வரல. என்னைய என்ன செய்யணுமோ செய்யிங்க."

"இதே மாதிரி வேற யார் யார் வச்சாங்க?"

அக்கா தன் இடது கையை நீட்டிக் காட்டினாள். "எனக்கு என் விரல்தான்யா தெரியும்."

மை தடவி ரேகை எடுத்தார்கள். கோர்ட்டுத் தாளோடு ஒப்பிட்டுப் பார்க்க நாளானது. நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே சாப்பிட்டோம், படுத்தோம். கடைசியில், வழக்கே வாபஸ் ஆகிவிட்டதாலும் உண்மையைத் தானாக வந்து சொன்னதாலும் அக்காவை எழுத்தில் எச்சரித்து விட்டுவிட்டார்கள். எனக்கு வேலைக்கு உத்தரவு வந்தது. கூமாப்பட்டியில் அம்மா எல்லோருக்கும் பாயசம் வைத்தாள். கதை அங்கே முடிந்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

தொண்ணூற்றைந்தில் மாற்றலாகி ராஜபாளையத்துக்கே வந்தேன். ஒரு நாள் ஸ்டேஷனுக்கு செல்லக்கனி என்கிற அம்மாள் வந்தார். அக்காவோடு வைண்டிங்கில் வேலை பார்த்தவர். மகன் சைக்கிளில் போய் லாரியில் அடிபட்ட கேஸ், அதற்கு நகல் வேண்டும். உட்காரச் சொல்லி, மனு எழுதிக் கொடுத்து, நம்பரும் குறித்துக் கொடுத்தேன். எழுந்தவர் போகாமல் நின்றார்.

"வெள்ளத்தாய் தம்பிதானய்யா நீங்க. ஒங்க அக்காகூட நாங்க மூணு வருசம் பேசல."

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். சங்கத்து ஆட்கள் பேரைப் பூராவும் அக்கா போலீசில் காட்டிக் கொடுத்துவிட்டாள் என்று மில்லில் ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. தம்பிக்கு வேலை கிடைத்துவிட்டதே, வேறெதற்குக் கிடைத்தது என்று கேட்டிருக்கிறார்கள். சாப்பாட்டு நேரத்தில் ஒருத்தியும் அவளோடு உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறக்கவில்லை. மெஷின் ஓரத்தில் நின்றபடியே தின்றுவிட்டு வேலைக்குப் போவாளாம். "பொறவுதான் அவ யாரு பேரையும் சொல்லலன்னு தெரிஞ்சுது. அவ ஒரு வார்த்த எங்களக் கேக்கல. அதுதான் எங்களுக்கு இன்னும் வலிக்கு" என்று செல்லக்கனி அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

யூனிபாரத்தோடு நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். அடுப்படியில் இருந்தாள்.

"ஏன்க்கா எங்கிட்டச் சொல்லல?"

எதைக் கேட்கிறேன் என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. "சொல்லியிருந்தா நீ என்ன செஞ்சிருப்ப? சட்டையைக் கழட்டி எறிஞ்சிட்டு மில்லு வாசல்ல வந்து சண்டைக்கு நின்னுருப்ப. ஒன் கோவம் எனக்குத் தெரியாதாலே?"

அவள் சொன்னது அம்புட்டும் உண்மை. நான் அப்படித்தான் செய்திருப்பேன். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். "போலீஸ்காரன் அழுவுறதைப் பாரு" என்று கேலி செய்துவிட்டு எனக்குச் சோறு போட்டாள்.

"ஒனக்கும் போடு" என்றேன்.

"நீ தின்னு. நான் பொறவு நின்னுக்கிட்டே தின்னுக்கிடுவேன். அப்படியே பழகிப்போச்சு."

தட்டோடு எழுந்தேன். அவள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்து, இன்னொரு தட்டை எடுத்து நானே அவளுக்குப் போட்டேன்.