பேரிங் போன கம்ப்யூட்டர்

செம்மங்குப்பத்தில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் பம்ப் ஹவுஸில் முப்பது வருஷம் வேலை பார்த்தவன் நான். ஓடுகிற மோட்டார் மேல் ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டால் போதும், பேரிங் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவேன். சத்தம் போடாத மிஷின்தான் நல்ல மிஷின். இந்த விஷயத்தில் என்னை ஒருத்தரும் அசைக்க முடியாது என்று 2009 கோடை லீவு வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சிதம்பரத்தில் இருக்கும் என் பேத்திக்கு அப்போது பத்து வயது. லீவு விட்டால் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டில் இரண்டே நாள் தலையைக் காட்டுவாள். மூன்றாம் நாள் பையை மாட்டிக்கொண்டு ஸ்ரீமுஷ்ணம் போய்விடுவாள். அங்கே அவள் அப்பாவைப் பெற்ற தாத்தா, அதாவது என் சம்பந்தி, இருக்கிறார். அவர் வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறது, அதில் கார் ரேஸ் இருக்கிறது. கரும்பு போடுகிற மனுஷனுக்குக் கம்ப்யூட்டர் எதற்கு என்று எனக்கு வயிறு எரியும். மறைக்க என்ன இருக்கிறது, பொறாமைதான்.

அந்த வருஷம் பேத்தியே போனில் சொன்னாள். "தாத்தா, நீ பெரிய கேமெல்லாம் ஓடுற கம்ப்யூட்டர் வாங்கு. லீவு முழுக்க அங்கியே இருக்கேன்."

லீவு முழுக்க! எனக்குத் தலைகால் புரியவில்லை. மருமகன் போனை வாங்கி, "மாமா, நான் பாத்து வாங்கித் தரேனே" என்றார்.

"முப்பது வருஷம் மிஷினோட குடும்பம் நடத்துனவன் மாப்ள நான்" என்று சொல்லிவிட்டு, மறுநாளே சிதம்பரம் பஸ் ஏறினேன். காலேஜ் பிள்ளைகள் வாங்குகிற கடை சோடை போகாது என்று ஒரு கணக்கு. மஞ்சள் பையில் ஸ்க்ரூடிரைவர் இருந்தது.

மேல வீதிக் கடையில் இருந்த பெண் மூன்று பெட்டிகளை ஓடவிட்டாள். ஒவ்வொன்றின் மேலும் ஸ்க்ரூடிரைவரை வைத்துக் கண்ணை மூடிக் கேட்டேன். வந்தவர் போனவர் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டுமே! மூன்றாவது பெட்டி 'ங்கொய்ய்ய்' என்று கத்தியது.

"பேரிங் காலி" என்றேன்.

"ஐயோ, இல்ல சார். அது கிராபிக்ஸ் கார்டு ஃபேன். கேமுக்கு அதான் நல்லது."

"நல்லதுன்னா எதுக்கும்மா இப்படிக் கத்துது? யாருகிட்ட காது குத்துற?"

மூச்சே விடாமல் இருந்த முதல் பெட்டியைக் கட்டித் தரச் சொன்னேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் காது கொடுக்கவில்லை.

என் மனைவி அதற்குச் சந்தனம் குங்குமமெல்லாம் வைத்தாள். மருமகனோடு காரில் வந்து இறங்கிய பேத்தி, தோளில் மாட்டிய பையோடே ஓடிவந்து ரேஸ் சிடியைப் போட்டாள். கார் இரண்டு அடி நகர்ந்தது, நின்றது. இன்னும் இரண்டு அடி நகர்ந்தது. அப்புறம் அசையவே இல்லை.

"தாத்தா, இதுல கிராபிக்ஸ் கார்டே இல்ல."

பை தோளை விட்டு இறங்கவில்லை. ஸ்ரீமுஷ்ணம் கிளம்ப மருமகன் மெதுவாகக் கார் சாவியை எடுத்தார்.

"ஊமை மிஷினாத் தேடிப் புடிச்சு வாங்கினு வந்தீங்களா?" என்றாள் மனைவி.

"கத்துற பெட்டி ஒண்ணு இருந்துச்சு. நான்தான் வேணான்னுட்டேன்" என்று முனகினேன்.

பேத்தியின் கண் விரிந்தது. "கத்துச்சா? எப்பிடி தாத்தா கத்துச்சு?"

"ங்கொய்ய்ய்..."

"அதான் தாத்தா! அதான் வேணும்!"

அவள் குதித்த குதியில் நானும் குதித்தேன். பெட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டு மறுபடியும் சிதம்பரம் போனோம். கடைக்காரப் பெண் ஒன்றும் கேட்காமல், சிரிப்பை அடக்கிக்கொண்டு மாற்றிக் கொடுத்தாள். அன்று சாயங்காலம் எங்கள் வீடே இரைந்தது. பேத்தி பையை ஆணியில் மாட்டினாள்.

சும்மா இருக்க முடியுமா? சம்பந்திக்குப் போன் போட்டேன். "புள்ள லீவு முழுக்க இங்கியேதான் சம்பந்தி!"

"சரிங்க சம்பந்தி. அவளுக்குன்னு மரத்துல ஒரு பலாப்பழம் விட்டு வச்சிருந்தேன், அதான்" என்றார்.

எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. வருஷா வருஷம் மூன்றாம் நாள் நான் நின்ற இடத்தில் இப்போது அவர் நிற்கிறார். "பழத்தத் தூக்கினு நீங்களும் வந்துடுங்க" என்றேன்.

மறுநாளே தோளில் பலாப்பழத்தோடு வந்துவிட்டார். பேத்தி அப்போது ரேஸில் இருந்தாள். நாற்பது வருஷம் போர்வெல் மோட்டார் ஓட்டியவர் அல்லவா, பழத்தை இறக்காமலே குனிந்து பெட்டியின் சத்தத்தைக் கேட்டார். அவர் வீட்டுப் பழைய கம்ப்யூட்டர் இப்படிக் கத்தாது போல. முகம் வாடிவிட்டது.

"என்னங்க சம்பந்தி, பேரிங் போன மிஷின உங்க தலையில கட்டிட்டானுங்களே!"

பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். நான் மஞ்சள் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.