வெர்லின் வீட்டு முள்

ஓஹயோவின் சோளக்காட்டுப் பக்கம் வெர்லின் ஹகெட்டைப் பிடிக்காதவர்கள் நிறைய. எல்லோரும் வீட்டிலிருந்தபடியே ரேடியோவில் ஊர் ஊராகப் பேசும் அமெச்சூர் ரேடியோ சங்கத்து ஆட்கள்தான். சனிக்கிழமை காலை உணவுக்கடையில் பான்கேக்கை வெட்டிக்கொண்டே அவர்களுடைய ஆன்டெனாக்களையும் குறை சொல்லி ஒரு வெட்டு வெட்டுவார். ஆன்டெனா ஏற்றுக்கொள்ளாத அலை கேபிள் வழியே திரும்பி வரும். எவ்வளவு திரும்புகிறது என்பதை மீட்டர் முள் காட்டிக்கொடுத்துவிடும். அவர் வீட்டு முள் மட்டும் எந்த அலைவரிசையிலும் எழுந்ததில்லை.

"நம்ம வீட்ல ஒரு துளி திரும்பாது!" என்று மார்தட்டுவார்.

தம்பி டுவைன் வயோமிங்கில் இருந்தார். அப்பாவின் பண்ணையை விற்றதில் மூண்ட சண்டைக்குப் பிறகு இருவருக்கும் போனில் பேச்சில்லை. ஞாயிறுதோறும் ரேடியோவில் மட்டும் மழை, வெயில், உடம்பு என்று நாலு வார்த்தை. மிஞ்சிய உறவே அவ்வளவுதான். இலையுதிர்காலத்தோடு அதுவும் நின்றது. வெர்லின் கூப்பிடுவார், பதிலுக்கு இரைச்சல்தான் வரும்.

"வேணும்னே வாயை மூடிட்டு இருக்கான். என் முள்ளைப் பாரு, எவ்ளோ சுத்தம்!" என்றார் மனைவி நீவாவிடம்.

"முள்ளைப் பாத்தது போதும். ஒரு போன் போட்டா கை தேஞ்சா போயிடும்?"

"அவன் போடட்டும்."

பனி கரைந்ததும் நீவாவே சங்கத்து க்ளீட்டை வரவழைத்தாள். வெர்லினின் கேலியை எல்லாம் கேட்டு முடித்த க்ளீட், கொல்லைக்குப் போய் ஆன்டெனாவிலிருந்து கேபிளைக் கழற்றிப்போட்டுவிட்டு வந்தார்.

"இப்ப அனுப்புப்பா."

முள் எழவில்லை.

"பாத்தியா! ஒரு துளி திரும்பல!"

"ஆன்டெனாவே இல்லையே வெர்லின். அத்தனையும் திரும்பியில்ல வரணும்?"

கேபிளின் உறை வெடித்து உள்ளே தண்ணீர் ஊறிக் கிடந்தது. போகிற அலையை அது வழியிலேயே தின்றது. திரும்புகிற மிச்சத்தையும் தின்றது. தம்பியின் குரலும் அதன் வயிற்றுக்குள்தான் போயிருந்தது. இதுகூடத் தெரியாமல் ஊருக்கே வகுப்பெடுத்திருக்கிறார் இந்த மனிதர்!

புதுக் கேபிள் மாட்டியதும் முள் மற்றவர்கள் வீட்டில் போலவே கொஞ்சம் எழுந்து நின்றது. வெர்லினின் முகம் சுண்டிப்போனது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை டுவைனின் குரல் தெளிவாக வந்தது.

"வெர்லின், நீதானா? வாராவாரம் கூப்பிட்டேன். நவம்பர்ல எனக்கு மாரடைப்பு. அதையும் சொன்னேன், நீ வாயே தொறக்கல. இன்னும் கோவம் தீரலன்னு விட்டுட்டேன்."

வெர்லின் மைக்கை வாயருகே இழுத்தார்.

"உன் பக்கம் என்னடா கோளாறு? இப்பத்தான் கேக்குது."

நீவா மைக்கை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"கோளாறு இங்கதான் டுவைன். கேபிள்ல பாதி, இந்த மனுசன்கிட்ட பாதி. உடம்பு இப்ப எப்படி இருக்கு?"