மூன்று பேர் கண்ட வெளிச்சம்

கோட்டைப்பட்டினத்து மூக்காயிக்கு அப்போது இருபத்தாறு வயது. முப்பத்தெட்டாம் வருஷம் ஐப்பசிப் புயலில் அவள் புருசன் குழந்தைசாமியின் படகு கவிழ்ந்தது. அதில் அவனோடு சேர்த்துத் தொழிலுக்குப் போயிருந்தவர்கள் நாலு பேர். மூன்றாம் நாள் காலை, ஒடிந்த பாய்மரத்தைக் கட்டிப் பிடித்தபடி மூன்று பேர் கரை ஒதுங்கினார்கள். குழந்தைசாமி வரவில்லை.

பேச்சு வந்ததும் மூவரும் ஆளுக்கொரு அற்புதம் சொன்னார்கள். மாரியாத்தா தீச்சட்டியோடு தண்ணீர் மேல் நடந்து வந்தாள் என்றான் ஆவுடையப்பன். விளக்கேந்தி வந்தது அந்தோணியார்தான் என்று சவரியப்பன் சத்தியம் செய்தான். பச்சைத் தலைப்பாகை கட்டிய, தர்காவில் அடங்கியிருக்கும் அவுலியா கையைப் பிடித்து இழுத்தார் என்று மீராசா அழுதார்.

மூக்காயி மூன்றையும் நம்பினாள். சாமிகள் அவ்வளவு பக்கத்தில் வந்திருந்தால் விடுபட்டுப்போன ஒருவனையும் கொண்டுவந்து சேர்க்க மாட்டார்களா? மாரியாத்தா கோயிலுக்கும் அந்தோணியார் கோயிலுக்கும் தர்காவுக்கும் மாறி மாறிப் போய் விளக்கேற்றினாள். மூன்று வீட்டு வாசலிலும் உட்கார்ந்து அந்தக் கதைகளைத் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

கேட்கக் கேட்க அவளுக்கு ஒன்று உறைத்தது. ஒவ்வொரு தடவையும் வெளிச்சம் பெரிதாகிக்கொண்டே போனது. அலை உயர்ந்தது. குழந்தைசாமி மட்டும் எந்தக் கதையிலும் இல்லை.

தை பிறந்ததும் ஊர் முறுக்கிக்கொண்டது. எங்கள் சாமிதான் காப்பாற்றியது என்று தெருவுக்குத் தெரு பேச்சு. ஒரு நாள் கரையில் காயப்போட்ட வலைகள் எரிந்தன. மறுநாள் சவரியப்பன் வீட்டு ஓட்டில் கல் விழுந்தது. குளத்தில் தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் தனித்தனியாக நின்றார்கள். துடுப்பு பிடிக்கிற கைகளில் அரிவாள் ஏறியது.

பெரியவர்கள் பயந்துபோய் எல்லோரையும் கடற்கரையில் கூட்டினார்கள். படகு குழந்தைசாமியுடையது. ஆகவே மூக்காயியைக் கேட்டார்கள்.

"படகு எறக்கையில ஒன் புருசன் எந்தச் சாமியக் கும்பிடுவான், ஆத்தா? நீ சொல்றதுதான் முடிவு."

"கடலத்தான் கும்புடுவாரு" என்றாள் மூக்காயி. பிறகு மூவர் பக்கமும் திரும்பினாள். "அண்ணே, வெளிச்சம் வந்தப்ப அவரு எங்க இருந்தாரு?"

"படகு கவுந்த அன்னிக்கே அலை கொண்டுபோயிருச்சு, தங்கச்சி" என்றார் மீராசா.

அதே மூச்சில் சவரியப்பன், "ரெண்டாம் நாளு வரைக்கும் மரத்துலதான் கெடந்தாரு. எங்கிட்டத் தண்ணி கேட்டாரு" என்றான். சொன்ன பிறகுதான் மீராசாவைத் திரும்பிப் பார்த்தான்.

ஆவுடையப்பன் இருவர் முகத்தையும் பார்க்காமல் கடல் பக்கம் திரும்பிக்கொண்டான். 

சாமியைக் கண்டவர்களின் பேச்சே ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்பது ஊருக்கு உறைத்தது. கூட்டம் தானாகக் கலைந்தது. அன்றோடு சண்டையும் நின்றது.

மறுநாள் உச்சிவெயிலில் மூக்காயியின் வாசலில் நிழல் விழுந்தது. ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் இருந்த மூவரும் சேர்ந்து வந்திருந்தார்கள். ஆவுடையப்பன்தான் பேசினான்.

"சாமி வந்தது நெசம் தங்கச்சி. எங்க கண்ணால பாத்தோம். அதுக்கு மேல கேக்காத."

குரலில் மிரட்டல் இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. அந்த மரம் மூன்று பேரைத்தான் தாங்கியிருக்கும் என்று அப்போது அவளுக்கு விளங்கியது. நாலாவது ஆளைத் தள்ளியது யார் கை என்று கேட்க வாயெடுத்தாள். அடுப்படியில் அவளுடைய ஒரே மகள் விளையாடிக்கொண்டிருந்தாள். மூவரில் ஒருவர் அந்தப் பிள்ளையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சரிண்ணே, கேக்கல" என்றாள்.

அந்த வாரமே மகளைக் கூட்டிக்கொண்டு கீரனூரில் இருந்த அக்காள் வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே ஒரு சோற்றுக்கடையில் மாவாட்டிப் பிழைத்தாள். ஊர்ப் பேச்சை எடுப்பதில்லை.

நாலைந்து வருஷம் கழித்துக் கருவாடு விற்க வந்த ஒருத்தி ஊர்ச்சேதி சொன்னாள். மூன்று தெருவிலும் விழா சிறப்பாக நடக்கிறதாம். அந்த மூன்று பேரும் ஒரே படகில்தான் தொழிலுக்குப் போகிறார்களாம்.

"அவ்வளவு ஒத்துமை அக்கா! ஒருத்தருக்குக் காச்சல்னாக்கூட மத்த ரெண்டு பேரும் கடலுக்குப் போறதில்ல."

மூக்காயி குழவியை நிறுத்தினாள். அது ஒற்றுமை இல்லை, தான் இல்லாத இடத்தில் மற்ற இருவரும் என்ன பேசிவிடுவார்களோ என்று மூவருக்கும் பயம் என்பது அவளுக்குத் தெரியும். மாவை வழித்தெடுத்தாள்.