ஏழு பிளஷர்

எங்கள் வீட்டில் ஏழு பிளஷர் நிற்பதாக மொட்டைக் கடிதாசியில் எழுதியிருந்தது. காரை எங்கள் பக்கம் அப்போதெல்லாம் பிளஷர் என்றுதான் சொல்வோம். ஏழு பிளஷர் வைத்திருப்பவனுக்கு, நிலமில்லாதவர்களுக்கு சர்க்கார் கொடுக்கும் உபரி நிலத்தில் மூன்று மா, ஏறக்குறைய ஒரு ஏக்கர், எதற்கு என்று கேள்வி. கடிதாசி தாலுகா ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, விசாரணைக்கு ரெவின்யூ இன்ஸ்பெக்டர், ஆர்.ஐ., வருகிறார் என்று தலையாரி வந்து சொன்னார்.

ஏழு இருந்தது உண்மை. எல்லாம் உள்ளங்கை நீளம். எங்கள் ஊர் மிராசுதாரின் அமெரிக்க வண்டியைத் தினமும் கழுவியவன் நான். பின்பக்கம் மீன்வால் போல இரண்டு துடுப்பு, துடைத்தால் முகம் தெரியும் பம்பர். அவர் அதை விற்ற பிறகு ஒருமுறை வைக்கோல் லாரியோடு அதிராம்பட்டினம் போனேன். சிங்கப்பூர்ச் சாமான் விற்கிற கடையில், கண்ணாடிக்குப் பின்னால் அதே வண்டி. அதே துடுப்பு. அன்றைக்கு ஒன்று வாங்கினேன். பிறகு நான் போகும்போதெல்லாம் கடைக்கார பாய் ஏதாவது எடுத்து வைத்திருப்பார்.

பேச்சு வெளியே போனது என் மனைவியால். குழாயடிச் சண்டையில் எதிர்வீட்டுக்காரி, "சைக்கிளுக்கு வக்கில்லாத வூடு" என்றாள். இவள் விடவில்லை. "எங்க வூட்ல ஏழு பிளஷர் நிக்கிதுடி, வந்து எண்ணிட்டுப் போ!"

ஆர்.ஐ. வரும்வரை எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. ஏழையும் வைத்திருந்த பெட்டியை வைக்கோல் போருக்குள் செருகினேன். மழை வந்தால் துருவேறும் என்று திரும்ப எடுத்தேன். வாய்க்கால்வரை கொண்டுபோய் மதகில் நின்றுவிட்டு வந்தேன்.

"போட்டுட்டு வந்துட்டீங்களா?" என்றாள் மனைவி. பெட்டி என் கக்கத்தில்தான் இருந்தது.

ஆர்.ஐ. வந்ததும் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். "ஷெட்டு எங்கய்யா?"

பெட்டியைத் திறந்து ஏழையும் கட்டிலில் வரிசையாக நிறுத்தினேன். தலையாரி சிரித்துச் சிரித்து இருமினார். ஆர்.ஐ. சிரிக்கவில்லை. துடுப்பு வைத்த வண்டியைத் தரையில் வைத்து ஒரு தள்ளு தள்ளினார். அது கட்டிலுக்கடியில் ஓடிச் சுவரில் முட்டியது.

"என்ன இதெல்லாம்? சொல்லு, எழுதணும்."

எவ்வளவோ சொல்லியிருக்கலாம். முன்மூடியைத் தூக்கினால் எஞ்சின் தெரியும். ஸ்டியரிங் இடப்பக்கம், அவர்கள் ஊரில் அப்படித்தான். ஆனால் மூன்று மா கண்முன் நின்றது.

"பொம்மைங்க" என்றேன்.

"பிள்ளைங்க விளையாடவா?"

எங்களுக்குப் பிள்ளை இல்லை. மனைவி முந்திக்கொண்டாள். "இவருக்குத்தாங்க!"

'விளையாட்டுப் பொம்மைகள் ஏழு' என்று எழுதி, வாசித்துக் காட்டினார். அஞ்சாவதோடு நின்ற எழுத்தில் கையெழுத்துப் போட்டேன்.

பட்டா வந்தது. அந்த மூன்று மாவில்தான் இன்றும் நடுகிறோம். சுவரில் முட்டிய வண்டியில் கொஞ்சம் வண்ணம் போயிருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் பார்த்துவிட்டு, "பொம்மையா?" என்பார்கள். இல்லை என்று எப்படிச் சொல்வது? கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாயிற்றே. மாட்டை மாற்றிக் கட்டப் போவதுபோல எழுந்து வெளியே போய்விடுகிறேன்.