சொல்லக்கூடாத கடைசி வசனம்

அன்று ஒஸ்லோ நகரின் ஹவுகன்ஸ்டுவா பகுதி மண்டபத்தில் ஒத்திகைக்கு மூன்று பேர்தான் இருந்தோம்: நடிகர் சிவம் அண்ணை, வசனம் எடுத்துக்கொடுக்கும் நான், இங்கிலாந்தில் சொந்த நாடகக்குழு தொடங்கி நடத்திய எங்கள் இயக்குநர் ஹெலன் அம்மா.

டிக்கெட் விற்கவில்லை. அன்றோடு நாடகத்தையே நிறுத்துவதாக அம்மா சொல்லியிருந்தார்.

பார்க்க ஆள் இல்லாமல் கடைசி வசனத்தைச் சொன்னால் நாடகத்துக்கு ஆகாது என்பது ஆங்கில நாடகக்காரர்களின் நம்பிக்கை; அதனால் ஒத்திகையில் அதைச் சொல்ல அவர் விடமாட்டார். அதன்படி அண்ணை அந்த இடத்தில் நிறுத்தினார். அண்ணை வசனத்தை மறந்துவிட்டார் என்று பதறி, அந்த வழக்கம் நினைவில்லாமல் நான் அதைச் சொல்லிவிட்டேன்.

"வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருக்கேலாதோ?" என்றார் அண்ணை.

அப்போது வெறும் நாற்காலிகளின் நடுவே யாரோ மெதுவாகக் கைதட்டும் சத்தம் கேட்டது.

"ஆரடா அங்கை?"

"ஒருத்தரும் இல்லை அண்ணை."

அம்மா அந்தப் பக்கம் பார்த்துத் தலைவணங்கினார். "பார்க்க ஆள் வந்துவிட்டது. இனி நிறுத்த முடியாது."

நாடகம் நடந்தது. இப்போதும் எந்த நாடகம் முடிந்தாலும் நான் முதலில் கைதட்டுவதில்லை. பக்கத்து வெறும் நாற்காலியில் இருப்பவர் தொடங்கட்டும் என்று காத்திருக்கிறேன்.