வாசலை அடைத்த வண்டிகள்

எழுபதுகளின் தொடக்கத்தில் அருப்புக்கோட்டையில் குழந்தைகளுக்கென்று ஓர் ஆஸ்பத்திரி திறந்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் பருத்திக் கமிஷன் கடைக்கு வரும் மாட்டுவண்டிகள் காலங்காலமாக நின்ற பொட்டலில்தான் அதைக் கட்டியிருந்தார்கள்.

ஒருநாள் வீம்புக்கென்றே மூன்று பாரவண்டிகளை அதன் வாசலை அடைத்து நிறுத்தச் சொன்னேன். மாடுகளை அவிழ்த்து ஊருணிக்குத் தண்ணீர் காட்ட அனுப்பிவிட்டால் வண்டியை எடுக்கச் சொல்லி யாரும் வற்புறுத்த முடியாது. அது எங்கள் கடைக்காரர்களின் பழைய தந்திரம்.

திருச்சுழிப் பக்கமிருந்து ஆம்புலன்ஸ் வேன் வந்து ஹாரன் அடித்தது.

"யோவ், வண்டிய எடுய்யா! பிள்ளைக்கு ஜன்னி கண்டிருக்கு" என்று டிரைவர் கத்தினார்.

"மாடு வரட்டும். எங்க எடத்துல ஆசுபத்திரி கட்டச் சொன்னது யாரு?" என்றேன்.

வேனிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். வெட்டி இழுத்துக்கொண்டிருந்த குழந்தையை அணைத்தபடி, இரண்டு வண்டிகளுக்கு நடுவே உடம்பை நுழைத்து உள்ளே ஓடினாள். சக்கர அச்சில் பூசிய கறுப்பு மை குழந்தையின் காலெல்லாம் அப்பியது. அதைப் பார்த்த பிறகு என்னால் கடையில் உட்கார முடியவில்லை.

அரைமணி கழித்து உள்ளே போனேன். குழந்தை கண் விழித்திருந்தது. அவள் முந்தானையால் அந்த மையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"தப்புப் பண்ணிட்டேன் தாயி, மன்னிச்சிரு" என்றேன்.

"வண்டிய எடுத்தாச்சா?"

"மாடு இன்னும் வரலை..."

"ஒங்களுக்குக் கை இல்லையா?" நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டாள். "அடுத்த பிள்ளை எந்த வழியா வரும்?"

வெளியே வந்து நுகத்தடியைப் பிடித்து இழுத்தேன். டிரைவர் பின்னாலிருந்து தள்ளினார். ஒவ்வொன்றாக மூன்று வண்டிகளையும் ஓரங்கட்டினோம்.

மன்னிப்புக் கேட்கப் போன நான், வாசலை அடைத்துவைத்துவிட்டுத்தான் போயிருந்தேன்.